ஆணி அடிக்கக் கூடாத வீடு

1

போன வாரம் என் மகளின் கலியாணத்துக்கு ஐந்து வருடம் நிறைந்தது. லொசானில் இருந்து தொலைபேசியில் எங்கள் வாழ்த்தை வாங்கிக்கொண்டாள். பின்னால் அவளுடைய சின்னவன் எதற்கோ பிரெஞ்சில் அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே ஊரில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தியிடமிருந்தும் செய்தி வந்தது. உன் மகள் அரண்மனையில் கலியாணம் செய்தவள் என்று ஒரு ஆள் சொல்கிறது, குசினிக்குள் தாலி கட்டினதாம் என்று இன்னொரு ஆள் சொல்கிறது, இதில் எது உண்மை என்று கேட்டிருந்தாள்.

இரண்டும் உண்மை. அதைத் தொலைபேசியில் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நானும் இவரும் பேர்ண் நகருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையைப் பராமரிக்கிறோம். இவர் என்பது என் கணவர் தவராசா. இந்த நாட்டில் இப்படிக் கட்டடம் பார்க்கிறவரை அப்வார்ட் என்பார்கள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எடுக்கிற வேலை. முற்றத்தின் ஓரத்தில் முன்பு குதிரைவண்டி நிறுத்திய கட்டடத்தின் மேல்மாடி எங்களுக்கு வீடு.

2009ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்தோம். அதற்கு முன் இவர் இருபது வருடம் உணவகக் குசினிகளில் நின்றவர். கோப்பை கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரராக வந்தவர். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்து, பிறகு அங்கேயே குசினிக்கு மாறினேன். அந்த வருடம் வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு இவர் வீட்டில் யாரோடும் கதைப்பதை விட்டுவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சியைப் பார்ப்பார். அதை அணைத்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு வேலை செய்த ஒரு தாதிதான் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னாள். மாளிகை என்று கேட்டு நான் ஆசைப்படவில்லை. சுற்றிவர மரமும் புல்லும் என்றாள், அது போதுமாக இருந்தது.

2

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கலியாணத்துக்கு வர முடியாது.

முன்னால் நின்று பார்த்தால் ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டியது போல இருக்கும். பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல். நடுவில் வாசல். வாசலுக்கு இந்தப் பக்கம் எத்தனை யன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. மேலே இரண்டு தட்டாக மடிந்து இறங்கும் பெரிய ஓட்டுக்கூரை. வீதிப் பக்கம் முற்றம், மறுபக்கம் தோட்டம், நடுவில் வீடு. பேர்ண் பிரபுக்கள் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது.

வந்த முதல் கிழமை யன்னல் துடைக்கத் தொடங்கினேன். வெளியே நின்று பார்த்தால் மேல்மாடி மூலையில் ஒரு யன்னல் தெரிகிறது. உள்ளே போனால் அது இல்லை. இறங்கி வந்து பார்த்தேன், இருந்தது. மறுபடி ஏறினேன், வெறும் சுவர். கடைசியில் இவரைக் கூப்பிட்டேன். அவர் ஏணி வைத்து ஏறிக் கையால் தட்டிப் பார்த்தார். கண்ணாடி, சட்டம், பாதி திறந்த பச்சை மரக்கதவு, அதன் நிழல் எல்லாமே சுவரில் தீட்டிய சித்திரம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதற்காக, அறை இல்லாத இடத்தில் யன்னல் வரைந்திருக்கிறார்கள். நான் கழுவத் துணியும் வாளியுமாக நின்ற கோலத்தை ஏணியில் இருந்து பார்த்து இவர் சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

உண்மையில் இது மூன்று வீடு. ஆக உள்ளே இருப்பது தடித்த சுவர்களும் பெரிய குசினியும் கொண்ட ஒரு பழைய கல்வீடு. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்து ஆண் ஒருவர், பிரெஞ்சு அரசனுக்குக் கூலிக்குச் சண்டை பிடித்த பேர்ண் படையில் அதிகாரியாக இருந்து, நிறையப் பணத்தோடும் ஒரு நொண்டிக் காலோடும் ஊர் திரும்பினார். அவர்தான் பழைய வீட்டை உள்ளே வைத்து வெளியே இந்த அழகான வீட்டைப் போர்த்தியவர். தோட்டப் பக்கம் ஒரு மண்டபம் கட்டினார். அதன் உட்கூரை முழுக்க வானம். மேகங்கள், மேகத்தில் சாய்ந்தபடி பூக்கொட்டும் ஒரு பெண், ஓரங்களில் வெள்ளைச் சுண்ணச் சுதையில் கொடியும் இலையும். சுவரில் பச்சை மாபிள் போலத் தெரிவது மரப்பலகையில் தீட்டிய நிறம்.

நூறு வருடம் கழித்து வந்த வாரிசு இங்கிலாந்தில் பெண் எடுத்தார். மருமகளுக்கு இங்கே பிடிபடவில்லை போலும். மேற்குப் பக்கத்தை ஆங்கிலேயரின் நாட்டுப்புற மாளிகை மாதிரியே மாற்றிவிட்டார். வெளியே பிதுங்கி நிற்கும் பெரிய யன்னல், கறுத்த மரப்பலகை அடித்த வாசிகசாலை, செங்கல்லில் உயர்ந்த புகைபோக்கிகள். கோடு போட்டு வெட்டி வைத்திருந்த தோட்டத்தையும் கலைத்துப் புல்வெளியாக்கி, தானாக முளைத்தது போல மரங்களை நட்டார். அந்தப் பக்கம் தூசி தட்டும் போதெல்லாம் அவவும் எங்களைப் போல ஆள்தான் என்று நான் சொல்வேன். அவவுக்கு மரம் நடக் காணி இருந்தது என்பார் இவர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மண்டபத்து மூலையில் நீலப்பூ ஓடுகள் பதித்த உயரமான கணப்பு ஒன்று நிற்கிறது. அதற்கு விறகு வைக்கும் வாய் மண்டபத்துக்குள் இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய பாதை இருக்கிறது, அங்கிருந்துதான் நெருப்பு மூட்டவேண்டும். மூட்டுகிறவர்கள் விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. அந்தப் பாதை குசினியில் தொடங்கி வீடு முழுக்க ஓடுகிறது. இன்றைக்கும் மேசைத்துணிகளை நாங்கள் அதன் வழியாகத்தான் கொண்டுபோவோம். அதுதான் கிட்டின வழி.

கடைசியில் மிஞ்சிய இரண்டு சகோதரிகள் வீட்டை ஒரு அறக்கட்டளையிடம் விட்டுப் போனார்கள். மண்டபம் கலியாணங்களுக்கும் கச்சேரிகளுக்கும் வாடகைக்குப் போகிறது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. அவற்றைக் கவனிக்கும் அரச பகுதிக்கு டெங்க்மால்பிளேக என்று பெயர். இந்தச் சொல் என்னை ஒருநாள் நல்லாக ஏமாற்றியது. பிளேக என்றால் எங்கள் பெண்கள் பாதிப்பேர் செய்யும் வேலை, முதியோரைப் பராமரிப்பது. டெங்க என்றால் யோசிப்பது. ஆகவே யோசனை தவறிய வயோதிபரைப் பராமரிக்கும் இடத்திலிருந்து ஆள் வருகிறது என்று நினைத்து, டீட்டிகோனில் இருக்கும் என் மச்சாளுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். இவரின் அக்கா அவ. மாளிகைக்குள் மறதி பிடித்த ஒரு சீமாட்டியை நாங்கள் வைத்துப் பார்ப்பதாக அவ லிம்மாத் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா.

வந்தவர் ஃபிராவ் லூதி, அதாவது திருமதி லூதி. பழைய கட்டடங்களைப் படித்த பெண், என் வயதுதான் இருக்கும். மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனார். அதைக் கண்டதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் சொன்ன விதிகள் சுருக்கமானவை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பசை நாடா ஒட்டக் கூடாது. மெழுகுதிரி உட்பட எந்த நெருப்பும் கூடாது.

இவர் அந்த விதிகளை வேதமாக எடுத்துக்கொண்டார். மணப்பெண்கள் கூடை நிறைய மெழுகுதிரியோடு வந்து இறங்கினால் வாசலிலேயே மறித்து, பேர்ண் பாஷையில் "கெஸ் ஃபூர்" என்பார். நெருப்பு இல்லை என்று அர்த்தம். அது எங்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் சாமித்தட்டில் எரிவதுகூட மின்விளக்கு.

3

நாங்கள் வந்தபோது மகள் நிவேதாவுக்குப் பதினைந்து வயது. பேர்ண் நகரை விட்டு இந்தக் காட்டுக்கு வந்ததற்கு ஒரு வருடம் எங்களோடு முறைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு வீடு அவளைப் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகம் போய், ஆய்வுகூடத்தில் வேலை எடுத்து, நகரத்தில் தனியாக அறை எடுத்த பிறகும் ஞாயிறு தவறாமல் வருவாள். வந்து எங்களோடு பேர்ண் ஜெர்மனில்தான் கதைப்பாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் அதில் பதில் சொல்வாள். பிள்ளை கைவிட்டுப் போகிறது என்று நான் கவலைப்பட்ட காலம் உண்டு.

அந்தக் கவலையைத் தீர்த்தது பிரசன்னா. சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளில் சந்தித்திருக்கிறாள். எங்கள் பிள்ளைதான், ஆனால் லொசானில் பிறந்து பிரெஞ்சில் வளர்ந்தவன். அவனுக்கு ஜெர்மன் வராது, இவளுக்குப் பிரெஞ்சு வராது. ஆகவே இரண்டு பேரும் தமிழில் கொஞ்சி, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் சமாதானமானார்கள். அவனுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் புத்தகம் பார்த்துப் படித்தது. முதன்முதல் வந்த அன்று, "தங்கள் இல்லம் மிகவும் எழிலாக உள்ளது, அன்ரி" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

கலியாணம் டீட்டிகோனில் ஒரு மண்டபத்தில், அல்லது திரிம்பாக் கோயிலில் என்று நான் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் இங்கேதான் செய்யவேண்டும் என்றாள்.

"பொம்பிளை வீட்டிலதானே அம்மா கலியாணம் செய்யிறது? இதுதானே என்ர வீடு" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

ஓமம் வளர்க்காமல் செய்வதென்றால் நாளைக்கே மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் இவர். ஓமம் இல்லாமல் அது என்ன கலியாணம் என்று கேட்டாள் அவள். சுவிஸில் பிறந்த பிள்ளை அப்படிக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்னச் சட்டியில் கற்பூரம் மட்டும் கொளுத்தினால் காணாதா என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"பத்து வருஷமா வாற போற எல்லாருக்கும் இல்லை எண்டு சொன்னனான். என்ர பிள்ளைக்கு மட்டும் ஓம் எண்டு போய்க் கேக்க ஏலாது" என்றார் இவர்.

"நீங்கள் என்ர அப்பாவோ, இந்த வீட்டின்ர அப்வார்ட்டோ?"

இவர் திறப்புக்கோர்வையை எடுத்துக்கொண்டு யன்னல்கதவு பூட்டப் போய்விட்டார். மகள் அன்றைக்குப் பின்னேரமே பேர்ணுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

4

அவர் ஏன் அப்படி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் சண்டைக்குப் போகவில்லை.

ஊரில் இவருடைய தகப்பனார் கட்டிய வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. காணியைத் திரும்பத் தந்தார்கள் என்று கேள்விப்பட்டு, மகளின் கலியாணப் பேச்சுக்கு மூன்று வருடம் முந்திப் போயிருந்தோம். செல் குண்டு விழுந்து உடைந்த வீடு என்றால் சுவராவது மிஞ்சும். அது அப்படி இல்லை. இயந்திரம் விட்டுத் தட்டி, அள்ளி, வெளியாக்கியிருந்தார்கள். இவர் புல்லுக்குள் நடந்து ஒரு இடத்தில் நின்று இது விறாந்தை என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், இல்லை, இதுதான் விறாந்தை என்றார். பிறகு மறுபடியும் இடம் மாறினார். பிறந்து வளர்ந்த வீட்டை நிலத்தில் பொருத்திப் பார்க்க அவரால் முடியவில்லை. நான் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த மறுநாளே, பயணக் களைப்போடு, மாளிகையின் யன்னல்கதவுப் பிணைச்சல்கள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டார். யாரும் சொல்லவில்லை. அந்த நேரம் அதற்கு அவசியமும் இல்லை.

ஆகவே, இவருக்குத் தெரியாமல் நானே ஃபிராவ் லூதியிடம் கேட்பது என்று தீர்மானித்தேன். உட்கூரைச் சுதையில் ஒரு வெடிப்பைப் பார்க்க அவர் வந்திருந்தார். படிக்கட்டில் வைத்துப் பிடித்தேன். மகளுக்குக் கலியாணம், இந்த மண்டபத்தில், ஃபையர் வேண்டும் என்று என் ஜெர்மனில் கேட்டேன். அவருடைய முகம் மலர்ந்தது. நிவேதாவுக்கா, நிச்சயமாக, இதைவிடச் சந்தோஷம் என்ன என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் பறந்து போய் மகளுக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன். அந்த ஞாயிறு அவள் வந்தாள். கேக்கும் கொண்டுவந்தாள். தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். இவருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"லூதியே ஓம் எண்டு சொன்னவ? நெருப்புக்கோ?"

நான் கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னேன். மகள் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டாள். ஜெர்மனில் நெருப்பு ஃபொயர். நான் கேட்ட ஃபையர் கொண்டாட்டம். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும், அவசரத்துக்கு வாயில் வந்தது ஊரில் படித்த இங்கிலிஷ். மண்டபத்தில் கொண்டாட்டம் வைக்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அதை யாரும் மறுத்திருக்கவில்லை.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று விளங்கியபோது இவர் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். ஃபிராவ் லூதியிடம், என் மனைவி ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டா, மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னார். என்ன சொல் என்று அவர்தான் விடாமல் கேட்டு அறிந்திருக்கிறார்.

5

இரண்டு நாள் கழித்து ஃபிராவ் லூதி தானாகவே வந்தார். மகளையும் வரச் சொல்லியிருந்தார். அது என்ன நெருப்பு, எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் எரியும், அதில் என்ன விடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் அவரோடு பேர்ண் பாஷையில் ஓமகுண்டத்தையும் நெய்யையும் சமித்தையும் விளங்கப்படுத்தினாள். எனக்கே தெரியாத சில விஷயங்களையும் சொன்னாள். எங்கே தேடிப் படித்தாளோ.

நெய் என்றதும் ஃபிராவ் லூதி தலையை அசைத்தார். அந்தப் புகை உட்கூரையில் போய் ஒட்டினால் எடுக்கவே முடியாது, மண்டபத்தில் ஒருபோதும் சரிவராது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஆனால் நெருப்புக்கென்றே கட்டிய ஒரு அறை இந்த வீட்டில் இருக்கிறதே என்றார். பழைய குசினியைத்தான் சொன்னார்.

இவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நான் இருபது வருஷம் குசினிக்குள்ள நிண்டது காணாதோ? பிள்ளையின்ர கலியாணமும் குசினிக்குள்ளயோ?"

குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஃபிராவ் லூதி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று மகளைக் கேட்டார். மகள் மறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தாள். ஃபிராவ் லூதியின் கழுத்து வரை சிவந்தது. தான் அதை நினைக்கவில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். கொஞ்சநேரம் கழித்து, ஒருமுறை என்னோடு வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்றார்.

எல்லோருமாகப் போனோம். குசினி எங்களுக்குப் புதிதல்ல. வாடகைக் கதிரைகளை அடுக்கி வைக்கும் களஞ்சியமாகத்தான் அதைப் பாவித்தோம். இவர் மின்குமிழைப் போட்டார். தரை முழுக்கத் தேய்ந்த கல். நடுச்சுவரோடு ஒட்டி, இரண்டு பருத்த கல்தூண்களின் மேல், ஒரு அறையளவு அகலமான புகைக்கூடு கவிழ்ந்து நின்றது. மேலே போகப் போக ஒடுங்கிக் கறுப்பாகப் புகைபோக்கிக்குள் மறைந்தது. அந்தக் காலத்தில் அதன் கீழே முழு மாட்டை வாட்டியிருக்கிறார்கள்.

ஃபிராவ் லூதி தூணில் கையை வைத்தார். இதுதான் இந்த இடத்தில் முதலில் கட்டியது என்றார். முன்பக்கம், மண்டபம், வானம் எல்லாம் பிறகு வந்தவர்கள் ஊருக்குக் காட்ட ஒட்டியவை. குளிர்காலத்தில் வீட்டுக்காரரும் வேலைக்காரரும் ஒன்றாக இருந்தது இந்தக் கூட்டுக்குக் கீழேதான், ஏனென்றால் வேறு எங்கும் சூடு இல்லை. அவர் அதை எங்களைச் சமாளிக்கச் சொன்னது போலத் தெரியவில்லை. தனக்குப் பிடித்த இடத்தைப் பற்றிச் சொல்கிறவரின் முகம் அது.

மகள் அடுப்புத் திட்டில் போய் இருந்தாள். ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சோதனைக்கு இங்கே இருந்துதான் படித்தாளாம், வீட்டிலேயே குளிர்மையான இடம் இதுதானாம். அப்போது நாங்கள் இரண்டு பேரும் வேலையில் அலைந்திருக்கவேண்டும், எனக்கு அது தெரியாது.

"எனக்கு இது காணும் அப்பா. உங்களுக்கு வெக்கமெண்டால் கோயிலில செய்வம். நான் கோவிக்க மாட்டன்" என்றாள்.

இவர் புகைக்கூட்டுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஃபிராவ் லூதியிடம், மேலே பலகை அடித்து மூடியிருக்கிறதே, அதைக் கழற்றலாமா என்று கேட்டார். கழற்றலாம் என்றார் அவர். இவர் தூணுக்கும் தூணுக்கும் இடையில் கால் வைத்து நடந்து அளந்தார். சமையல்காரன் அடுப்பைப் பார்க்கும் பார்வை அது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"மணவறையை இந்த ரெண்டு தூணுக்கும் நடுவில வைக்கலாம்" என்றார் மகளிடம். "தூணில கயிறு ஒண்டும் கட்டக் கூடாது."

6

அதற்குப் பிறகு நடந்த அலுவல்களைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காப்புறுதிக்காரர் வந்தார். ஃபொயர்பொலிட்சை என்று ஒரு பகுதி வரும் என்றார்கள். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எங்கள் வதிவிட அனுமதி அட்டைகளைத் தேடி எடுத்து வைத்தேன். வந்தவர் தீயணைப்பு விதிகளைப் பார்க்கும் சாதுவான மனிதர், என் வடையைச் சாப்பிட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார். கலியாணம் செய்துவைக்கும் ஐயரிடம் நான் பயந்து பயந்துதான் கேட்டேன், அங்கே மாடும் பன்றியும் வாட்டியிருப்பார்களே என்று. ஐயர் அலட்டிக்கொள்ளவில்லை. இத்தனை நூறு வருடத்தில் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும், புண்ணியாகவாசனம் செய்தால் சரி என்றார்.

கடைசியாக ஹெர் மோசர் என்பவர் வந்தார். புகைபோக்கி துப்புரவு செய்வதே அவருடைய தொழில். பலகையைக் கழற்றியபோது பழைய பறவைக் கூடுகளும் வாளி வாளியாகக் கரியும் விழுந்தன. அதன் பின்னால் வெளிச்சம் வந்தது. நெருப்பு எரியும் நேரம் தானும் நிற்கவேண்டும், அது விதி என்றார். கலியாணத்துக்கு வாருங்கள் என்று முறையாகவே அழைத்தோம்.

அவர் முறையாகவே வந்தார். தன் தொழிலின் விசேட உடுப்பில், உச்சியில் இருந்து உள்ளங்கால் வரை கறுப்பு. பித்தளைப் பொத்தான், உயரமான கறுப்புத் தொப்பி, தோளில் சுருட்டிய தூரிகை. இந்த நாட்டில் கலியாணத்துக்குப் புகைபோக்கிக்காரர் வந்தால் பெரிய அதிர்ஷ்டம். மகளின் சுவிஸ் சிநேகிதிகள் ஓடி ஓடிப் போய் அவருடைய தோளைத் தொட்டார்கள், படம் எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் விறைத்துப்போய் நின்றார்கள். டீட்டிகோன் மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தா.

"முகூர்த்த நேரத்தில கறுப்பு உடுப்போட ஒருத்தன் மணவறைக்குப் பக்கத்தில நிக்கிறான். உனக்குக் கண் தெரியேல்லையோ? ஆளை வெளியால அனுப்பு."

அவர் நிற்காவிட்டால் நெருப்பும் இல்லை என்றேன். மச்சாள் தலையில் கைவைத்துக்கொண்டா.

கதிரைகளை வெளியே எடுத்துவிட்டதால் குசினி பெரிதாகத் தெரிந்தது. தூண்களுக்கு நடுவில் மணவறை. நிறைகுடத்துக்குப் பக்கத்தில் விதிப்படி ஒரு சிவப்புத் தீயணைப்பு உருளை. யாரோ அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்கள். நாதஸ்வரம் தொடங்கியதும் கல்சுவரெல்லாம் அதிர்ந்தது. இவர் வேட்டி சால்வையோடு மணவறையில் இருந்தபடி, ஐயர் சொன்ன மந்திரத்தை வாயால் சொல்லிக்கொண்டு கண்ணால் புகைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓமம் மூண்டது. புகை கொஞ்சம் எழும்பிப் பார்த்துவிட்டு, மேலே போகாமல் சபைக்குத் திரும்பியது. நூறு வருடம் குளிர்ந்து கிடந்த புகைபோக்கி அதை ஏற்கவில்லை. முன்வரிசை இருமியது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள். பிரசன்னா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சுவாசிக்க இயலவில்லை" என்று மகளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. இவர் எழும்பப் பார்த்தார், ஐயர் கையால் இருத்தினார். நெருப்பை அணைக்கச் சொல்லி ஒரு குரல் பின்னால் கேட்டது. கலியாண நெருப்பை அணைப்பதா?

ஹெர் மோசர் யாரையும் கேட்கவில்லை. ஐயருக்குப் பக்கத்தில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஓடும் ஒடுங்கிய பாதைக்குள் நுழைந்தார். அங்கே புகைபோக்கியின் இடுப்பில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. அதைத் திறந்து, தாளைச் சுருட்டிக் கொளுத்தி உள்ளே விட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே ஒரு பெருமூச்சுச் சத்தம். அடுத்த கணம், பரவி நின்ற புகை முழுதும் திரும்பி, கூட்டுக்குள் ஏறி, நேராக மேலே போனது. கெட்டிமேளம் முழங்கப் பிரசன்னா தாலியைக் கட்டினான்.

அவர் பாதையில் இருந்து வெளியே வந்தபோது முகமும் உடுப்பைப் போலக் கறுத்திருந்தது. முதலில் கைதட்டியது எங்கள் ஆட்கள். சாப்பாட்டு நேரம் மச்சாள் அவருக்குத் தன் கையாலேயே முதல் இலை போட்டா. அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவருடைய தோளை ஒருக்காத் தொட்டுக்கொண்டா.

7

இப்போது சுவிஸ் சோடிகளும் அந்தக் குசினியைக் கேட்டு வருகிறார்கள். அறக்கட்டளை கதிரைகளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டது. ஹெர் மோசர் வருடம் ஒருமுறை புகைபோக்கியைத் துப்புரவு செய்ய வருகிறார், வேலை இல்லாத நாளிலும் சில சமயம் தேத்தண்ணிக்கு வருகிறார். ஃபையரையும் ஃபொயரையும் நான் இன்னமும் மாற்றித்தான் சொல்கிறேன், மகள் தொலைபேசியில் திருத்துகிறாள். அவளுக்கு இப்போது பிரெஞ்சும் வந்துவிட்டது. பேரன் எங்களோடு எந்த மொழியில் கதைப்பான் என்பது இன்னும் முடிவாகவில்லை. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

கலியாணத்தன்று விருந்து மண்டபத்தில்தான் நடந்தது, அந்த வானத்துக்குக் கீழே, மெழுகுதிரி இல்லாமல். பின்னேரம் பொம்பிளை மாப்பிளையை லொசானுக்கு அனுப்பினோம். மகள் வாகனத்தில் ஏறுமட்டும் சிரித்தாள், ஏறிய பிறகு அழுதாள். சனமும் ஒவ்வொன்றாகப் போனது. மறுநாள் வேறொரு கூட்டத்துக்கு மண்டபம் கொடுத்திருந்ததால், சீலையைச் சொருகிக்கொண்டு கதிரை அடுக்கப் போனேன்.

இவர் மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையில் இருந்தார். வேட்டிகூட மாற்றவில்லை. அத்தனை வருடத்தில் அந்த மண்டபத்தில் அவர் இருந்து நான் கண்டதில்லை. கூட்டுவார், துடைப்பார், சுவரோரம் நின்று விருந்தாளிகளைக் கவனிப்பார். நான் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். கொஞ்ச நேரம் உட்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணவறையை இங்க வைச்சிருந்தால் இவ்வளவு சனமும் கொண்டிராது" என்றார்.

"ஓம்" என்றேன்.

"மேளச் சத்தத்துக்கு இந்தச் சுதையும் உதிர்ந்திருக்கும்."

"ஓம்."

தோட்டப் பக்கக் கதவு திறந்திருந்தது. இங்கிலிஷ்காரி நட்ட மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை போயிட்டாள், என்ன?" என்றார்.

கதிரைகள் அப்படியே கிடந்தன. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டுக்கொண்டு எழும்பினேன்.

"இரும்" என்றார். "பிறகு குடிப்பம்."